டிஜிட்டல் ஒளிப்படங்களில் நிறவெளிகள்: வரலாறு

நிறவெளி என்பது, நிறங்களைக் குறிக்கும் எண்களுக்குப் பொருள் தரும் ஓர் உடன்பாடு. டிஜிட்டல் ஒளிப்படக் கோப்பு ஒன்றில் நிறம் எதுவும் இருப்பதில்லை. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள் மட்டுமே இருக்கின்றன. 200, 40, 60 என்று கோப்பு சொன்னால், எந்தச் சிவப்பில் 200, எந்தப் பச்சையில் 40 என்பது தெரியாமல் அதை நிறமாக்க முடியாது. மெட்ரிக் முறை வருவதற்கு முன்பு ஊருக்கு ஊர் படியின் அளவு மாறியது. ஓரூர்ச் சீட்டில் 'நான்கு படி நெல்' என்று எழுதியிருந்தால் அடுத்த ஊர்ச் சந்தையில் அது வேறு அளவு நெல்லாகிவிடும். கோப்பிலுள்ள எண்களும் அத்தகையவை. எந்தப் படியால் அளந்தது என்பதை எண்ணோடு சேர்த்து அனுப்பி, கேமரா, திரை, அச்சு ஆகியவற்றுக்கிடையே நிறம் குலையாமல் பெயர்க்கும் முறைகளின் தொகுப்பே நிற மேலாண்மை.

இன்று ஒளிப்படத் திருத்த மென்பொருள்களில் தெரிவுப் பட்டியலாகக் காணப்படும் நிறவெளிகள் ஒரே திட்டத்தில் பிறந்தவை அல்ல. இரண்டு ஆங்கிலேய ஆய்வகங்களின் கண் சோதனைகள், தொலைக்காட்சிப் பெட்டிகளின் வேதிப்பொருள்கள், அச்சகங்களின் தேவைகள், ஒரு மென்பொருள் நிறுவனம் தவறாகப் படியெடுத்த எண்கள் ஆகியவை அவற்றுள் படிந்திருக்கின்றன.

மூன்று எண்கள்

எந்த நிறத்தையும் மூன்று எண்களால் குறிக்கலாம் என்ற எண்ணம் ஒளியின் இயல்பிலிருந்து வந்ததல்ல, கண்ணின் இயல்பிலிருந்து வந்தது. கண்ணில் மூவகை உணர்விகள் இருக்க வேண்டும் என்று தாமஸ் யங் 1802-இல் முன்வைத்த கருத்தை ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்சு விரிவாக்கினார். சுழலும் வண்ணத் தட்டுகளைக் கொண்டு அதை அளந்து பார்த்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்.

1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மாக்ஸ்வெல் ஒரு செய்முறை விளக்கம் அளித்தார். தாமஸ் சட்டன் என்ற ஒளிப்படக் கலைஞர் பலநிறக் கட்டம் போட்ட நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் படமெடுத்திருந்தார். மூன்று படங்களையும் அதே நிற வடிகட்டிகள் வழியாகத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது நாடாவின் நிறங்கள் தோன்றின. உண்மையில் இது நடந்திருக்கவே கூடாது. அக்கால ஒளிப்படத் தட்டுகள் சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணராதவை. நூறாண்டு கழித்து, 1961-இல், கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸ் காரணத்தைக் கண்டறிந்தார். நாடாவின் சிவப்புப் பகுதி புற ஊதா ஒளியையும் எதிரொளித்தது. சிவப்பு வடிகட்டியாகப் பயன்பட்ட திரவம் அந்தப் புற ஊதாவைத் தடுக்கவில்லை. தட்டில் 'சிவப்பு' என்று பதிந்தது கண்ணுக்குத் தெரியாத ஒளி. கண் காண்பதும் கருவி காண்பதும் ஒன்றல்ல என்ற சிக்கல் முதல் வண்ண ஒளிப்படத்திலேயே இருந்தது.

பதினேழு பேரின் கண்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாயம், கண்ணாடி, விளக்குத் தொழில்களுக்கு நிறத்தை எண்ணால் குறிக்கும் பொதுமுறை தேவைப்பட்டது. அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905 முதல் உருவாக்கிய வண்ண அட்டை முறை ஒரு வழி. ஆனால் அட்டை மங்கினால் அளவுகோலும் மங்கும். அட்டை தேவைப்படாத, எண்களால் மட்டுமே ஆன அளவுகோல் இங்கிலாந்தில் நடந்த இரு சோதனைகளிலிருந்து கிடைத்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டபிள்யூ. டேவிட் ரைட் 10 பேரையும், டெடிங்டனிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்டு 7 பேரையும் சோதித்தனர். வட்டமான ஒரு சிறு காட்சிப்புலத்தின் ஒரு பாதியில் ஒற்றை அலைநீள ஒளி விழும். மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டிக் குறைத்து, நடுக்கோடு மறையும் வரை பார்வையாளர் இரண்டையும் பொருத்த வேண்டும். காட்சிப்புலத்தின் அகலம் 2 பாகை, அதாவது கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் தெரியும் அளவு. இருவரும் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல், வெவ்வேறு கருவிகளுடனும் வெவ்வேறு முதன்மை ஒளிகளுடனும் செய்த அளவீடுகள் பொது அலகுக்கு மாற்றப்பட்டபோது நெருக்கமாக ஒத்துப்போயின. அந்த ஒற்றுமை இல்லாதிருந்தால் இன்றைய நிற மேலாண்மைக்கு அடித்தளமே இருந்திருக்காது.

1931 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் கூடிய சி.ஐ.இ. என்ற பன்னாட்டு ஒளியியல் ஆணையம் இவ்வளவீடுகளின் சராசரியை 'தர நோக்கர்' என்று ஏற்றுக்கொண்டது. சோதனையில் ஒரு சங்கடம் இருந்தது. நீலப்பச்சைப் பகுதியின் தூய ஒளிகளை மூன்று முதன்மை ஒளிகளால் பொருத்தவே முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் சிவப்பைச் சேர்த்தால்தான் பொருந்தியது. கணக்கில் இது எதிர்மறைச் சிவப்பு. கையால் கணக்கிட்ட காலத்தில் கழித்தல் குறி பிழைகளுக்கு இடம் தரும் என்பதால் ஆணையம் எல்லா எண்களும் நேர்மறையாக வரும்படி எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று கற்பனை முதன்மைகளை வரையறுத்தது. இவற்றை எந்த விளக்காலும் உண்டாக்க முடியாது. ஒய் மட்டும் நிறத்தின் ஒளிர்வைக் குறிக்குமாறு அமைக்கப்பட்டது. லாட வடிவில் வளைந்து, அடியில் நேர்கோட்டால் மூடப்பட்ட பிரபலமான நிற வரைபடம் இந்த எண்களின் வரைபடம்தான். நிறவெளிகளை ஒப்பிடும் முக்கோணங்கள் இன்றும் அதன்மேல்தான் வரையப்படுகின்றன.

அந்த வரைபடத்தில் ஒரு குறை இருந்தது. கோடாக்கைச் சேர்ந்த டேவிட் மகாடம் 1942-இல், ஒரே பார்வையாளர் செய்த சுமார் 25,000 பொருத்தங்களைக் கொண்டு அதை எண்களில் காட்டினார். கண்ணுக்கு வேறுபாடு தெரியாத நிறங்களைச் சூழ்ந்து கோடு வரைந்தபோது பச்சைப் பகுதியில் பெரிய நீள்வட்டங்களும் நீலப் பகுதியில் மிகச் சிறியனவும் வந்தன. வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் பச்சை இடைவெளி கண்ணுக்கு அவ்வளவு பெரிதல்ல. நிறவெளி விளம்பரங்களில் வரும் முக்கோணங்களின் பரப்பளவை நம்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். இக்குறையைப் பெருமளவு சரிசெய்ய 1976-இல் வந்தது சி.ஐ.இ. லேப். அதில் எல் ஒளிர்வையும், ஏ பச்சை–சிவப்பு அச்சையும், பி நீலம்–மஞ்சள் அச்சையும் குறிக்கும்.

அச்சகத்திலிருந்து மேசைக்கு

1980-கள் வரை வண்ண அச்சுக்கான படங்கள் உருளை வருடிகளில் வருடப்பட்டு, நேரடியாகச் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளுக்கான அளவுகளாக வெளிவந்தன. வருடி, அச்சு இயந்திரம், தாள் ஆகிய மூன்றும் தெரிந்தவை. அவற்றை இயக்கியவர் பல்லாண்டு அனுபவத்தால் எந்த எண் எந்த நிறமாகும் என்பதை அறிந்திருந்தார். நிற மேலாண்மை இருந்தது, ஒரு மனிதரின் கையிலும் கண்ணிலும்.

மேசைக் கணினிப் பதிப்பு பரவியபோது இந்த மூடிய வட்டம் உடைந்தது. யாருடைய வருடியும் யாருடைய திரையோடும் யாருடைய அச்சுப்பொறியோடும் இணையலாம். பத்து உள்ளீட்டுக் கருவிகளையும் பத்து வெளியீட்டுக் கருவிகளையும் நேரடியாக இணைக்க நூறு பெயர்ப்பு அட்டவணைகள் வேண்டும். ஒவ்வொரு கருவியும் நடுவிலுள்ள பொதுமொழி ஒன்றுக்கு மட்டும் தன் எண்களைப் பெயர்த்தால் இருபது போதும். ஆப்பிள் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட கலர்சிங்க் இதை இயங்குதளத்திலேயே பொருத்தியது. அதே ஆண்டு அடோபி, ஆக்ஃபா, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட், சன் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐ.சி.சி. என்ற பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பை நிறுவின.

இக்கூட்டமைப்பின் கொடை, புரொஃபைல் எனப்படும் சிறு கோப்பு. ஒரு கருவியின் எண்கள் 1931-இன் எக்ஸ், ஒய், இசட் எண்களில் அல்லது லேப் எண்களில் எவை என்பதை அது சொல்கிறது. படத்துக்குள்ளேயே அதைப் பொதித்தும் அனுப்பலாம். பொதுமொழியின் வெண்மைக்கு டி50 என்ற சற்றே மஞ்சள் சாய்ந்த வெண்மை தேர்ந்தெடுக்கப்பட்டது, அச்சகத்தார் தாளை அந்த விளக்கின் கீழ்தான் பார்த்துவந்தனர் என்பதால். திரைகளோ டி65 என்ற நீலம் சாய்ந்த வெண்மையைப் பின்பற்றின. தொழில்முறைத் திருத்தகங்களில் திரையையும் அச்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது எழும் குழப்பத்தில் ஒரு பங்கு இந்த இரு வெண்மைகளுக்கு இடையிலானது.

ஒரு கருவியால் காட்ட முடியாத நிறத்தை என்ன செய்வது என்பதற்கும் ஐ.சி.சி. வழிகளை வகுத்தது. எல்லைக்கு வெளியே உள்ள நிறத்தை எல்லைக்கோட்டுக்கு இழுத்து, உள்ளே உள்ளவற்றைத் தொடாமல் விடுவது ஒன்று. ஒளிப்படங்களுக்குப் பெரும்பாலும் இதுவே ஏற்றது. எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கி அவற்றிடையேயான உறவைக் காப்பது மற்றொன்று. வரைபடங்களுக்குச் செறிவைக் காக்கும் வழியும், அச்சு மாதிரி பார்க்கத் தாளின் நிறத்தையும் அப்படியே காட்டும் வழியும் உண்டு. எளிய கட்டமைப்புள்ள புரொஃபைல்களுக்கு இடையே மாற்றும்போது, இரண்டாவது வழியைத் தேர்ந்தாலும் நடப்பது முதல் வழிதான். சுருக்குவதற்கான அட்டவணை அந்தக் கோப்புகளில் இருப்பதில்லை.

தொலைக்காட்சியின் வாரிசு

இணையம் பரவத் தொடங்கியதும் வேறொரு வினா எழுந்தது. புரொஃபைல் எதுவும் இணைக்கப்படாத கோடிக்கணக்கான படங்களை எந்த நிறவெளியில் உள்ளவையாகக் கொள்வது? ஹியூலெட்-பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் தந்த விடை எஸ்ஆர்ஜிபி. 1999-இல் அது ஐ.இ.சி. தரமானது.

எஸ்ஆர்ஜிபி புதிய கண்டுபிடிப்பு அல்ல. அக்காலத்துச் சராசரிக் கணினித் திரையைப் பார்த்து எழுதிய விவரணை. அதன் முதன்மை நிறங்கள் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்காக 1990-இல் வகுக்கப்பட்ட 709 என்ற பரிந்துரையிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்த எண்கள் படக்குழாயின் உட்புறம் பூசிய ஒளிர்பொருள்களின் தன்மையைச் சுமந்தன. மின்னழுத்தத்துக்கும் ஒளிக்கும் இடையே படக்குழாய்க்கு இருந்த வளைந்த உறவும் ஏறக்குறைய 2.2 என்ற அடுக்காக வரையறைக்குள் வந்தது. பார்க்கும் அறை மங்கலாக, 64 லக்ஸ் ஒளியில் இருக்கும் என்பது வரை தரம் குறிப்பிட்டது. படக்குழாய்த் திரைகள் சந்தையிலிருந்தே மறைந்துவிட்டன. அவற்றின் ஒளிர்பொருள்கள் வகுத்த எல்லை மட்டும் இணையப் படங்களின் பொது எல்லையாக நிற்கிறது. அந்த எல்லைக்குள் அடங்குவது கண் காணும் நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இதைக் குறுகியது என்று பழிப்பது எளிது. ஆனால் எந்தக் கணினியிலும் கூடுதல் செலவில்லாமல் ஓரளவு சரியாகத் தெரியும் என்பதே அதன் நோக்கம். அதில் அது வென்றது.

பிழையில் பிறந்த தரம்

ஃபோட்டோஷாப் மென்பொருள் 1990-இல் வெளியானது. தொடக்கப் பதிப்புகளில் கோப்பின் எண்கள் அப்படியே திரைக்குச் சென்றன. திருத்துபவரின் திரை எதைக் காட்டியதோ அதுவே அந்த எண்ணின் பொருள். வேறு திரையில் திறந்தால் வேறு படம். 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதை மாற்றியது. திருத்தும் நிறவெளி திரையிலிருந்து பிரிக்கப்பட்டது. எண்கள் ஒரு நிலையான வெளியில் இருக்கும், திரைக்கான பெயர்ப்பை மென்பொருள் அவ்வப்போது செய்துகொள்ளும். டிஜிட்டல் படத்திருத்த வரலாற்றில் இது ஒரு திருப்பம். ஆனால் இயல்பான தெரிவாக எஸ்ஆர்ஜிபி வைக்கப்பட்டதால் அச்சுத் தொழிலில் இருந்தவர்கள் கொதித்தனர். அச்சு மையால் தரக்கூடிய சயான்களும் பச்சைகளும் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டன.

மென்பொருளின் முதன்மை உருவாக்குநர் தாமஸ் நோல், அகன்ற நிறவெளி ஒன்றையும் அப்பதிப்பில் சேர்க்க விரும்பினார். எஸ்.எம்.பி.டி.இ. 240எம் என்ற தொலைக்காட்சித் தரத்தின் ஆவணத்திலிருந்து எண்கள் எடுக்கப்பட்டு, அந்தத் தரத்தின் பெயராலேயே புரொஃபைல் ஒன்று வெளியானது. பயனர்களுக்கு அது பிடித்துப்போனது. தரத்தை நன்கறிந்தவர்கள் பிறகு சுட்டிக்காட்டினர்: ஆவணத்தில் இலட்சிய நிலைக்காகக் கொடுத்திருந்த எண்கள் படியெடுக்கப்பட்டுள்ளன, உண்மையான தரம் எஸ்ஆர்ஜிபிக்கு நெருக்கமானது. போதாக்குறைக்குச் சிவப்பு முதன்மையைப் படியெடுத்ததிலும் பிழை நேர்ந்திருந்தது. அடோபி திருத்திப் பார்த்தது. திருத்தங்கள் நான்கு மைகளுக்கான மாற்றத்தை மோசமாக்கின. இறுதியில் எண்களைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றியது. அடோபி ஆர்ஜிபி (1998) என்று இன்று உலகெங்கும் கேமராக்களில் காணப்படும் தெரிவு இதுதான்.

தற்செயலாக அமைந்த இந்த வெளியின் சிவப்பும் நீலமும் எஸ்ஆர்ஜிபியின் சிவப்பும் நீலமுமே. பச்சை மட்டும் தள்ளி நிற்கிறது. ஆகவே ஆதாயம் பச்சையிலும் நீலப்பச்சையிலும்தான், அந்திவானத்துச் சிவப்பில் அன்று. காஞ்சிபுரம் பட்டில் மயில்கழுத்து என்று சொல்லப்படும் நிறத்தைப் போன்ற ஆழ்ந்த நீலப்பச்சைகள் எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே விழக்கூடியவை. (பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக நெய்யப்படும் அப்பட்டு, பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும். அந்த மாற்றத்தை எந்த நிறவெளியும் பிடிக்காது.)

அகன்ற வெளிக்கு விலையும் உண்டு. நிறத்துக்கு 8 பிட் என்றால் ஒவ்வொரு முதன்மைக்கும் 256 படிகள், மொத்தம் 1,67,77,216 சேர்க்கைகள். வெளி அகன்றாலும் இந்த எண்ணிக்கை கூடாது, படிகளுக்கு இடையிலான தூரம்தான் கூடும். கோடாக் உருவாக்கிய புரோஃபோட்டோ ஆர்ஜிபி மிக அகன்றது. அதன் பச்சை, நீல முதன்மைகள் கண்ணால் காணவே முடியாதவை. அது குறிக்கக்கூடிய நிறங்களில் ஏறத்தாழ 13 விழுக்காடு கற்பனை நிறங்கள். அதில் 8 பிட்டில் வேலை செய்தால் வானத்தில் பட்டைகள் தோன்றும். 16 பிட் அங்கே ஆடம்பரம் அல்ல, தேவை.

சீட்டு மாறிய படங்கள்

அடோபி ஆர்ஜிபி பரவியதும் ஒரு குறை பரவலாகக் கேட்கத் தொடங்கியது: திருத்தும்போது பளிச்சென்றிருந்த படம் இணையத்தில் ஏற்றியதும் சோர்ந்து தெரிகிறது. அக்காலத்து உலாவிகளில் பல புரொஃபைலைப் படிப்பதில்லை. பெரிய படியால் அளந்த எண்ணைச் சிறிய படியின் எண்ணாக அவை எடுத்துக்கொண்டன. ஆப்பிளின் சஃபாரி முன்பே இதைக் கவனித்தது. ஃபயர்பாக்ஸ் 2008-இல் வசதியைச் சேர்த்தும் அதை அணைத்தே வைத்திருந்து, அடுத்த பதிப்பில்தான் இயல்பாக இயக்கியது.

படத்திருத்த மென்பொருளில் 'புரொஃபைல் அளித்தல்', 'புரொஃபைலுக்கு மாற்றுதல்' என்று இரு கட்டளைகள் உண்டு. அளித்தல் என்பது நெல்லைத் தொடாமல், எண்ணையும் மாற்றாமல், சீட்டில் படியின் பெயரை மட்டும் மாற்றுவது. படம் உடனே வேறாகத் தெரியும். மாற்றுதல் என்பது அதே நெல்லைப் புதிய படியால் மறுபடி அளந்து புதிய எண்ணை எழுதுவது. எண்கள் மாறும், தோற்றம் மாறாது. சோர்ந்துபோன இணையப் படங்களுக்குத் தேவைப்பட்டது மாற்றுதல். பலர் செய்தது அளித்தல், அல்லது சீட்டையே கிழித்தெறிதல். கேமராத் தயாரிப்பாளர்களும் குழப்பத்தை முன்கூட்டியே உணர்ந்தனர். அடோபி ஆர்ஜிபியில் பதிவான படத்தின் கோப்புப் பெயர் அடிக்கோட்டுக் குறியுடன் தொடங்க வேண்டும் என்று கோப்பு முறைக்கான தரம் விதித்தது. கோப்பைத் திறக்காமலே படி எது என்று தெரியும்.

கேமரா காணும் நிறம்

டிஜிட்டல் கேமராவின் உணரியில் ஒவ்வொரு புள்ளியின் மீதும் ஒரு நிற வடிகட்டி இருக்கும். பச்சை இரு மடங்காக அமைந்த இந்தக் கட்டப் பாங்குக்குக் கோடாக் பொறியாளர் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்றார். இவ்வடிகட்டிகள் தர நோக்கரின் கண்ணை அப்படியே பின்பற்றுவதில்லை. பின்பற்றினால் இரைச்சல் கூடும். ஆகவே கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு துணிகள் கேமராவுக்கு வேறாகவும், வேறாகத் தெரிபவை ஒன்றாகவும் தோன்றலாம். ரா கோப்புக்கு அந்த நிலையில் நிறவெளி கிடையாது. உணரியின் எண்களை எக்ஸ், ஒய், இசட் எண்களாக்கும் தோராயமான அணியை மென்பொருள் பயன்படுத்துகிறது. அந்த அணியைக் கணிக்க உதவும் கருவிகளில் புகழ்பெற்றது, 1976-இல் சி. எஸ். மெக்காமியும் உடனிருந்தவர்களும் அறிமுகப்படுத்திய 24 கட்ட வண்ண அட்டை. அதன் முதல் கட்டம் கருந்தோலின் நிறம், இரண்டாவது வெளிர்தோலின் நிறம்.

மாக்ஸ்வெல்லின் நாடா 2006-இல் தலைகீழாகத் திரும்பி வந்தது. லைக்கா எம்8 கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி மெல்லியதாக இருந்ததால், கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் ஊதாவாகப் பதிந்தன. நிறுவனம் லென்ஸின் முன் பொருத்த வடிகட்டிகளை வழங்க நேர்ந்தது. 1861-இல் புற ஊதா, 2006-இல் அகச்சிவப்பு. எந்தப் புரொஃபைலாலும் அதைத் திருத்த முடியாது, ஏனெனில் பிழை எண்ணாவதற்கு முன்பே நடந்துவிட்டது.

அகன்ற திரைகள்

டிஜிட்டல் திரையரங்குகளுக்காக 2000-களின் நடுப்பகுதியில் வகுக்கப்பட்ட பி3 நிறவெளியை ஆப்பிள் 2015-இல் ஐமேக் திரைகளிலும் 2016-இல் ஐபோன் 7-இலும் கொண்டுவந்தது. அடோபி ஆர்ஜிபி பச்சைப் பக்கம் அகன்றது என்றால் இது சிவப்புப் பக்கமும் அகன்றது. ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் கதை வேறு. கரிம ஒளியுமிழ் திரைகள் எஸ்ஆர்ஜிபியைவிட அகன்றிருந்தும் இயங்குதளத்தில் நிற மேலாண்மை இல்லாததால், சிறிய படியின் எண்கள் பெரிய படியால் அளக்கப்பட்டன. முகங்கள் சிவந்தன, புல் நியான் விளக்கானது. அன்று இணையத்தில் படங்கள் சோர்ந்ததற்கும் இன்று தொலைபேசியில் அவை பொங்கியதற்கும் காரணம் ஒன்றே. பலர் அந்தப் பொங்கலை விரும்பவும் செய்தனர். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 நிற மேலாண்மையை இயங்குதளத்தில் சேர்த்தது. 2012-இல் வகுக்கப்பட்ட 2020 என்ற தொலைக்காட்சிப் பரிந்துரை இன்னும் அகன்றது. அதன் முதன்மைகள் 630, 532, 467 நானோமீட்டரில் அமைந்த ஒற்றை அலைநீள ஒளிகள்.

திரையின் முதன்மைகள் இப்படி ஒற்றை அலைநீளத்தை நெருங்கும்போது மனிதருக்கு மனிதர் கண் வேறுபடுவது கூடுதலாகத் தெரியவருகிறது. ஒருவர் இரண்டும் ஒன்றே என்று பொருத்திய வெண்மைகள் பக்கத்தில் இருப்பவருக்கு வேறாகத் தெரியலாம். சி.ஐ.இ. 1964-இல் 10 பாகைப் புலத்துக்கான தர நோக்கரையும், 2006, 2015 ஆண்டுகளில் கண்ணின் கூம்புச் செல்களை அடிப்படையாகக் கொண்ட புதிய சார்புகளையும் வெளியிட்டது. ஐ.சி.சி. புரொஃபைல்கள் இப்போதும் 1931-இன் 2 பாகை நோக்கரைக் கொண்டே எழுதப்படுகின்றன.